வேக ஹைட்ரோஃபாயில்களில் கேவிடேஷன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீருக்கடியில் இறக்கை பூட்டிப் படகைத் தூக்கி ஓட்டும் ஹைட்ரோஃபாயில்களை வடிவமைப்பவர்கள், செய்பவர்கள், ஓட்டுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள் இங்கே உள்ளன. தனியாகச் சொல்லாத இடங்களில் கணக்குகள் எல்லாம் 20 டிகிரி செல்சியஸ் கடல்நீருக்கானவை: அடர்த்தி கனமீட்டருக்கு 1025 கிலோகிராம், ஆவி அழுத்தம் 2.34 கிலோபாஸ்கல், இறக்கையின் ஆழம் அரை மீட்டர். 1 நாட் என்பது வினாடிக்கு 0.514 மீட்டர்.

கேவிடேஷன் என்பதில் உண்மையில் என்ன நடக்கிறது?

தண்ணீரை ஆவியாக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, சூடாக்குவது. மற்றொன்று, வெப்பநிலையை அப்படியே விட்டு அழுத்தத்தைக் குறைப்பது. ஹைட்ரோஃபாயிலில் நடப்பது இரண்டாவது. இறக்கையின் மேற்பரப்பில் நீர் வேகமெடுக்கும்போது அங்கே அழுத்தம் இறங்குகிறது. படகைத் தூக்குவதில் பெரும்பங்கு அந்த இறக்கத்துக்கு உண்டு. அழுத்தம் இறங்கி ஆவி அழுத்தத்தைத் தொட்டால், கடல்நீரில் எப்போதும் மிதந்துகொண்டிருக்கும் கண்ணுக்குத் தெரியாத நுண்குமிழிகள் வீங்கி, ஆவி நிறைந்த பைகளாகின்றன. அவை ஓட்டத்தோடு பின்னுக்குப் போய், அழுத்தம் மீண்டும் ஏறும் இடத்தை அடைந்ததும் நொறுங்கி உள்நோக்கி விழுகின்றன.

இதில் இரண்டு கேடுகள் இருக்கின்றன. ஆவிப் பை இறக்கையின் வடிவத்தை மாற்றிவிடுகிறது. நீங்கள் செய்த வளைவை நீர் இனி காண்பதில்லை. குமிழி நொறுங்கும் இடம் உலோகமானாலும் கார்பன் ஃபைபரானாலும் அடிவாங்குகிறது. முதலாவது செயல்திறனைக் கெடுக்கும், இரண்டாவது ஆயுளைக் குறைக்கும்.

எந்த வேகத்தில் தொடங்கும்?

ஒரே ஒரு வேகம் என்று கிடையாது. கேவிடேஷன் எண் என்ற அளவை வைத்துப் பார்க்க வேண்டும். சிக்மா என்று சொல்வது வழக்கம். இறக்கை இருக்கும் ஆழத்தின் மொத்த அழுத்தத்திலிருந்து ஆவி அழுத்தத்தைக் கழித்து, வந்ததை இயக்க அழுத்தத்தால் வகுத்தால் சிக்மா. இயக்க அழுத்தம் என்பது அடர்த்தியில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கியது.

அரை மீட்டர் ஆழத்தில் மேலே உள்ள கழித்தல் எப்போதும் 104 கிலோபாஸ்கல்தான். கீழே உள்ள எண் மட்டும் வேகத்தோடு ஏறுகிறது. அதனால் 20 நாட்டில் சிக்மா 1.92, 30 நாட்டில் 0.85, 40 நாட்டில் 0.48, 50 நாட்டில் 0.31, 60 நாட்டில் 0.21.

இறக்கைப் பரப்பில் எங்காவது அழுத்தக் குணகம் (அங்குள்ள அழுத்தம் சுற்றுப்புறத்திலிருந்து மாறிய அளவை இயக்க அழுத்தத்தால் வகுத்தது) இந்த எண்ணைவிட ஆழமாக எதிர்க்குறியில் இறங்கினால் அந்த இடத்தில் கேவிடேஷன் தொடங்கும். 40 நாட்டில் உங்கள் இறக்கையின் மிகக் குறைந்த அழுத்தக் குணகம் மைனஸ் 0.40 என்றால் தப்பித்தீர்கள். மைனஸ் 0.55 என்றால் இல்லை. பொதுவாக நன்றாகச் செய்த இறக்கைகள் 40 நாட் வரை அமைதியாக ஓடும், 45க்கும் 50க்கும் இடையில் பாடு தொடங்கும். பயணிகள் ஹைட்ரோஃபாயில்கள் பெரும்பாலும் 35 முதல் 45 நாட்டுக்குள் நின்றுவிடுவதற்கு எரிபொருள் மட்டுமே காரணமில்லை.

இன்ஜின் சக்தியைக் கூட்டி இந்த எல்லையைத் தாண்டிவிட முடியாதா?

இந்தக் கேள்விக்குச் சற்று நேரம் கொடுத்துப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் மற்ற எல்லாம் இதிலிருந்துதான் பிறக்கின்றன.

காற்றில் பறக்கும் இறக்கைக்கு உறிஞ்சு அழுத்தத்தில் இவ்வளவு தாழ்ந்த கூரை இல்லை. நீரில் இருக்கிறது. எந்தப் புள்ளியிலும் சுற்றுப்புற அழுத்தத்திலிருந்து 104 கிலோபாஸ்கலுக்கு மேல் இறங்க முடியாது. அதற்குக் கீழே நீர் நீராக நிற்காது. வேகம் எவ்வளவு கூடினாலும் இந்த 104 கூடுவதில்லை. ஆனால் இறக்கையின் தடிமன் கேட்கும் பங்கு வேகத்தின் வர்க்கத்தில் கூடுகிறது.

எண்ணில் பார்ப்போம். நீள்வட்ட வெட்டுமுகம் ஒன்று, தடிமன் நாண் நீளத்தில் (முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரையான நீளம்) 10 சதவீதம். தாக்குகோணம், அதாவது வரும் நீரோட்டத்துக்கும் நாணுக்கும் இடையிலான கோணம், சுழி. அதன் நடுவில் நீரின் வேகம் படகின் வேகத்தைப் போல 1.10 மடங்கு, இது தோராயமல்ல, அந்த வடிவத்துக்குச் சரியான விடை. 1.10 இன் வர்க்கம் 1.21, ஆக அழுத்தக் குணகம் மைனஸ் 0.21. 50 நாட்டில் இது 71 கிலோபாஸ்கல் உறிஞ்சல். மேலேயும் கீழேயும் ஒரே அளவு என்பதால் தூக்குவிசை ஒரு துளியும் இதிலிருந்து கிடைக்காது. 104 இல் 71 வெறும் தடிமனுக்கே செலவாகிவிட்டது. மேற்பரப்புக்கு மிச்சம் 33. கீழ்ப்பரப்பும் கிட்டத்தட்ட அதே அளவு கைகொடுப்பதால், சுமையை நாண் முழுக்கச் சமமாகப் பரப்பிய மிகச் சிறந்த வடிவத்தில்கூடச் சதுர மீட்டருக்குச் சுமார் 58 கிலோநியூட்டன்தான் தூக்க முடியும்.

அதே இறக்கையை 60 நாட்டுக்குக் கொண்டு போங்கள். தடிமன் கேட்கும் பங்கு 102 கிலோபாஸ்கலாகிவிடும். தூக்குவதற்கு ஏறக்குறைய ஒன்றுமே மிச்சமில்லை. இன்ஜின் எத்தனை குதிரைத்திறன் என்பது இந்தக் கணக்கில் எங்கும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள்.

தடிமனை 6 சதவீதமாக்கினால் படம் மாறும்: 50 நாட்டில் சதுர மீட்டருக்குச் சுமார் 113 கிலோநியூட்டன், 60 நாட்டில் சுமார் 80. இவை கோட்பாட்டு உச்சங்கள். அலை, ஃபிளாப் (இறக்கையின் பின்பக்கத்தில் கீல் வைத்து அசைக்கும் பகுதி), செய்முறைப் பிழை எல்லாம் சேர்ந்து இதில் பாதியைத் தின்றாலும் வியப்பில்லை.

அப்படியானால் மெல்லிய இறக்கையே எப்போதும் நல்லதா?

இல்லை. முதல் காரணம் வலிமை. நாண் நீளம் மாறாமல் தடிமனை 10 சதவீதத்திலிருந்து 6க்குக் குறைத்தால் வளைவுக்கு எதிரான விறைப்பு ஐந்தில் ஒரு பங்காகிவிடும், ஏனென்றால் அது தடிமனின் கனத்தைப் பொறுத்தது. இறக்கை முறுக்கிக்கொண்டால் தாக்குகோணம் தானாக மாறும்.

இரண்டாவது காரணம் நுட்பமானது. தாக்குகோணத்தைக் கிடைமட்டத்திலும், அதற்கேற்ற குறைந்தபட்ச அழுத்தக் குணகத்தைச் செங்குத்திலும் வரைந்தால் வாளி போன்ற வளைவு கிடைக்கும். வாளிக்குள் இருக்கும் வரை கேவிடேஷன் இல்லை. மெல்லிய இறக்கையின் வாளி ஆழமானது, ஆனால் குறுகலானது: சரியான கோணத்தில் மிக வேகமாகப் போகலாம், அரை டிகிரி பிசகினால் கூரான முன்விளிம்பில் உறிஞ்சல் முள் போல எழும். தடித்த இறக்கையின் வாளி அகலமானது, ஆழமில்லாதது. அமைதியான ஏரியில் சாதனை வேகத்துக்கு ஓடும் படகும், திறந்த கடலில் தினமும் ஓடும் படகும் ஒரே வெட்டுமுகத்தைப் பயன்படுத்த முடியாது.

பழகிய தேர்வுகள் சில: உயர்வேகத்துக்கு நாகா (அமெரிக்க விமான ஆய்வு அமைப்பு) வகுத்த 16 வரிசை, அதன் அழுத்தம் நாண் முழுக்கத் தட்டையாகப் பரவுவதால், ஹைட்ரோஃபாயிலுக்கென்றே வகுத்த எப்ளர் ஈ817, ஈ818. வேகம் 25 நாட்டைத் தாண்டாத பொழுதுபோக்குப் பலகைகளுக்கு நாகா 63-412 போன்ற விமான இறக்கை வடிவமே போதும். அதைக் கொண்டுபோய் 45 நாட்டில் ஓட்டினால் முன்விளிம்பு வெண்மையாகும்.

கீழ்ப்பரப்பிலும் கேவிடேஷன் வருமா?

வரும், இதைப் பலர் எதிர்பார்ப்பதில்லை. படகின் எடை மாறாது. ஆகவே தேவையான தூக்குவிசைக் குணகம் (தூக்குவிசையைப் பரப்பாலும் இயக்க அழுத்தத்தாலும் வகுத்தது) வேகத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. 30 நாட்டில் 0.40 தேவைப்பட்டால் 50 நாட்டில் 0.14 போதும். கேம்பர் (வெட்டுமுகத்தின் நடுக்கோட்டு வளைவு) அதிகமுள்ள இறக்கையை 0.40க்காக வளைத்துச் செய்திருந்தால், 50 நாட்டில் அது மூக்கைக் கீழே குத்திக்கொண்டு ஓட வேண்டும். அப்போது உறிஞ்சல் முள் முன்விளிம்பின் அடிப்பக்கத்தில் எழும். பழுதுபார்க்கும்போது அடிப்பக்க முன்விளிம்பில் அரிப்பு தெரிந்தால், கேம்பரைக் குறைக்க வேண்டும் அல்லது பரப்பைக் குறைக்க வேண்டும் என்று பொருள்.

கேவிடேஷன் தொடங்கியவுடன் தூக்குவிசை போய்விடுமா?

உடனே போகாது. முன்விளிம்பில் சின்ன ஆவித் தகடு ஒட்டிக்கொண்டிருக்கும் கட்டத்தில் தூக்குவிசை மாறாது. சில வடிவங்களில் சற்றுக் கூடவும் செய்யும், தகடு கூடுதல் வளைவு போல வேலை செய்வதால். இழுவிசை மட்டும் மெல்ல ஏறும். தகடு நாண் நீளத்தில் பாதியைத் தாண்டி முக்கால் பங்கை நெருங்கும்போது நிலைமை மோசமாகிறது. தகட்டின் வால் அடியில் மெல்லிய நீர்த்தாரை ஒன்று எதிர்த்திசையில், அதாவது முன்விளிம்பை நோக்கி, பரப்பை ஒட்டி ஓடுகிறது. அது தகட்டை அடியோடு வெட்டிவிட, தகடு மேகமாகப் பிய்ந்து பின்னால் போய் நொறுங்குகிறது. புதிய தகடு வளர்கிறது, மறுபடி வெட்டுப்படுகிறது.

இந்தச் சுழற்சியின் அதிர்வெண்ணை மதிப்பிடலாம்: வேகத்தைத் தகட்டின் நீளத்தால் வகுத்து 0.3 ஆல் பெருக்குங்கள். வேகம் வினாடிக்கு 20 மீட்டர், தகடு 20 சென்டிமீட்டர் என்றால் வினாடிக்குச் சுமார் 30 முறை. ஒவ்வொரு முறையும் தூக்குவிசை ஏறி இறங்கும். இது இறக்கையின் சொந்த அதிர்வெண்ணோடு ஒத்துப்போனால் பொருத்தும் போல்ட்டுகள் தளரும், பசை இணைப்புகள் பிரியும். சிறிய தகடும் முழு ஆவிப் பையும் இரண்டுமே ஓரளவு நிலையானவை. இடைப்பட்ட இந்தக் கட்டம்தான் மிகக் கெட்டது. இங்கே நீண்ட நேரம் ஓட்டக் கூடாது.

தகடு பின்விளிம்பைத் தாண்டி நீண்டுவிட்டால் அது சூப்பர்கேவிடேஷன். மேற்பரப்பு நீரைத் தொடுவதே இல்லை. தட்டைப் பலகைக்கு, சிக்மா சுழியை நெருங்கும் எல்லையில், தாக்குகோணத்துக்குக் கிடைக்கும் தூக்குவிசை நான்கில் ஒரு பங்காகிவிடும்.

கண்ணாலும் காதாலும் எப்படி அடையாளம் காண்பது?

நுனியிலிருந்து பின்னால் நீளும் மெல்லிய வெள்ளிக் கயிறு நுனிச் சுழல் கேவிடேஷன். பெரும்பாலும் இதுவே முதலில் தோன்றும். சத்தம் தரும், இழுவிசையில் பெரிய மாற்றம் தராது. முன்விளிம்பை ஒட்டிய கண்ணாடி போன்ற வெள்ளைப் பட்டை தகட்டு வகை. பரப்பின் நடுவில் தனித்தனியாக உருளும் குமிழிகள் தட்டையான அழுத்தப் பரவல் கொண்ட இறக்கைகளில் வரும். பால் போலக் கலங்கித் துடிக்கும் வெண்மேகம் மேலே சொன்ன கெட்ட கட்டம். காதுக்கு முதலில் சரளைக் கற்கள் உரசும் ஒலி, பிறகு படபடப்பு. ஸ்ட்ரட் (இறக்கையைப் படகோடு இணைக்கும் செங்குத்துத் தூண்) மீது முடுக்கமானி ஒன்றை ஒட்டி, வேகத்தோடு சேர்த்துப் பதிவு செய்தால் காதை நம்ப வேண்டியதில்லை: உயர் அதிர்வெண் இரைச்சல் திடீரென்று ஏறும் வேகமே தொடக்க வேகம்.

வென்டிலேஷனும் இதுவும் ஒன்றா?

இல்லை, குழப்பிக்கொண்டால் தவறான மருந்து கொடுப்பீர்கள். கேவிடேஷனில் பைக்குள் இருப்பது நீராவி, அழுத்தம் 2 கிலோபாஸ்கல் அளவு. வென்டிலேஷனில் நீர்மட்டத்துக்கு மேலிருந்து காற்று ஸ்ட்ரட் வழியாகவோ நுனி வழியாகவோ உறிஞ்சப்பட்டு இறக்கையின் மேற்பரப்பை மூடுகிறது, அழுத்தம் 101. ஆவிப் பை இருக்கும்போதும் மேற்பரப்பில் 104 கிலோபாஸ்கல் வரை உறிஞ்சல் மிச்சமிருக்கும். காற்று புகுந்துவிட்டால் அரை மீட்டர் ஆழத்தின் நீரெடை, அதாவது 5 கிலோபாஸ்கல் மட்டுமே மிஞ்சும். அதனால்தான் கேவிடேஷன் படகை நடுக்குகிறது, வென்டிலேஷன் படகைக் கண் இமைக்கும் நேரத்தில் நீரில் போட்டுவிடுகிறது.

இன்னொரு வேறுபாடு: வென்டிலேஷன் வந்த கோணத்திலேயே போகாது. காற்றுப் பை ஒட்டியபின் கோணத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தாலும் அது நீங்காது. வேகத்தைக் கணிசமாகக் குறைத்தால்தான் பரப்பு மீண்டும் நனையும். இரண்டும் ஒன்றுக்கொன்று உதவவும் செய்யும். ஸ்ட்ரட்டில் தொடங்கிய ஆவித் தகடு நீர்மட்டத்தை எட்டிவிட்டால் காற்றுக்கு வழி திறந்துவிடுகிறது. ஸ்ட்ரட்டைச் சுற்றி இரண்டு மூன்று ஆழங்களில் வேலி போன்ற சிறு தகடுகளைப் பொருத்துவது காற்று இறங்குவதைத் தடுக்கத்தான்.

அலைகள் எவ்வளவு பாதிக்கும்?

பெரும்பாலானோர் நினைப்பதைவிட அதிகம். 1.5 மீட்டர் உயரம், 5 வினாடிக் கால அளவு கொண்ட அலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மீட்டர் ஆழத்தில் நீர்த்துகள்கள் வினாடிக்கு ஏறக்குறைய 0.8 மீட்டர் வேகத்தில் மேலும் கீழும் அசையும். 40 நாட்டில் ஓடும் இறக்கைக்கு இது தாக்குகோணத்தில் கூட்டியும் குறைத்தும் 2.2 டிகிரி. அகலத்துக்கும் நாணுக்கும் விகிதம் 6 உள்ள இறக்கையில் தூக்குவிசைக் குணகம் ஏறத்தாழ 0.18 மாறும். ஓட்டத்தில் உங்கள் குணகமே 0.20 என்றால், ஒவ்வொரு அலையிலும் அது கிட்டத்தட்டச் சுழிக்கும் இரட்டிப்புக்கும் இடையே ஆடுகிறது. கட்டுப்பாட்டுக் கணினி ஃபிளாப்பை அசைத்து இதில் ஒரு பகுதியைத்தான் விழுங்கும்.

வாளி எவ்வளவு அகலமாக இருக்க வேண்டும் என்பதை அமைதி நீரின் வேகம் முடிவு செய்வதில்லை, அலையின் கோண ஆட்டமே முடிவு செய்கிறது.

ஒரு படகுக்கு வடிவமைப்புக் கணக்கைப் படிப்படியாகக் காட்ட முடியுமா?

இறக்கைகள் தாங்க வேண்டிய எடை 8 டன், அதாவது 78.5 கிலோநியூட்டன். ஓட்ட வேகம் 42 நாட். ஆழம் 0.8 மீட்டர். படகு நீரைவிட்டு எழும் வேகம் 20 நாட்.

முதலில் இயக்க அழுத்தம்: 42 நாட் என்பது வினாடிக்கு 21.6 மீட்டர், இயக்க அழுத்தம் 239 கிலோபாஸ்கல். அந்த ஆழத்தில் மொத்த அழுத்தம் கழித்தல் ஆவி அழுத்தம் 107. சிக்மா 0.447.

அடுத்து ஓட்ட வேகத்தின் தூக்குவிசைக் குணகத்தை 0.20 என்று வைத்துப் பரப்பைக் கணக்கிட்டால் 1.64 சதுர மீட்டர். எழும் வேகத்தில் இதே பரப்புக்கு 0.88 குணகம் தேவை. வெறும் இறக்கைக்கு இது கடினம், ஃபிளாப் இறக்கினால் முடியும். இங்கே 1.2 போன்ற எண் வந்திருந்தால் பரப்பைக் கூட்டியிருக்க வேண்டும். எழும் கட்டத்தில் சிக்மா 1.97 என்பதால் கொஞ்சம் தாராளம் உண்டு. அந்தச் சில வினாடிகளில் முன்விளிம்பில் தகடு தோன்றினாலும் பெரிய சேதமில்லை.

இப்போது தடிமன். 9 சதவீதத்தை எடுத்து, தூக்குவிசைக் குணகத்தில் கால் பங்கையும் கூட்டினால்: 1 + 0.09 + 0.05 = 1.14. வர்க்கம் 1.30. குறைந்தபட்சக் குணகம் மைனஸ் 0.30. சிக்மாவான 0.447 வரை 0.147 இடைவெளி. இது சுமை சமமாகப் பரவிய வடிவத்துக்கான எளிய சூத்திரம் என்பதை மறக்க வேண்டாம். கோணம் மாறும்போது சுமை முன்விளிம்பில் குவியும். அதை இந்தச் சூத்திரம் காட்டாது. ஆகவே கடைசிப் படியாக எக்ஸ்ஃபாயில் போன்ற நிரலில் வெட்டுமுகத்தைப் போட்டு, அலை தரும் முழுக் கோண வரம்புக்கும் குறைந்தபட்ச அழுத்தக் குணகத்தை வரைந்து, எங்கே 0.447ஐத் தாண்டுகிறது என்று பாருங்கள். தாண்டினால் முன்விளிம்பு ஆரத்தைச் சற்றுக் கூட்டலாம், ஆழத்தைக் கூட்டலாம், அல்லது அந்த அலைக்கு வேக வரம்பு விதிக்கலாம்.

கணக்கில் தப்பிய இறக்கை கடலில் 38 நாட்டிலேயே கேவிடேஷன் காட்டுகிறதே, ஏன்?

முதலில் ஸ்ட்ரட்டும் இறக்கையும் சேரும் மூலையைப் பாருங்கள். இரண்டின் தடிமனும் ஒரே இடத்தில் நீரை நெருக்குவதால் உறிஞ்சல்கள் கூடிவிடுகின்றன. ஸ்ட்ரட்டின் மிகத் தடித்த பகுதியும் இறக்கையின் மிகத் தடித்த பகுதியும் ஒரே குறுக்குக்கோட்டில் வராமல் முன்பின் நகர்த்துவது மலிவான, பலனுள்ள தீர்வு. மூலையில் சிறிய வளைவு கொடுத்து நிரப்புவதும் உதவும். ஆனால் பின்விளிம்பு வரை தடித்த நிரப்பல் வேண்டாம்.

அடுத்து ஃபிளாப் கீல். ஃபிளாப் கீழே இறங்கும்போது கீலுக்கு மேலுள்ள முழங்கை போன்ற வளைவில் தனியாக ஓர் உறிஞ்சல் முள் எழும்; இடைவெளி வழியாக நீர் பாய்ந்தால் இன்னும் மோசம். உயர்வேகத்தில் ஃபிளாப் நடுநிலைக்கு அருகில் இருக்கும்படி இறக்கையின் பொருத்துகோணத்தை அமைக்க வேண்டும். முழு இறக்கையையும் சுழற்றும் அமைப்பில் இந்தச் சிக்கல் இல்லை, ஆனால் தாங்கிகள் பெரிதாகும்.

மூன்றாவது செய்முறை. முன்விளிம்பின் முதல் 5 சதவீத நாண் பகுதிதான் தலைவிதியை எழுதுகிறது. அச்சுப் பாதிகள் சேர்ந்த தையல்கோடு, பெயின்ட் விளிம்பு, கல் பட்ட பள்ளம், விரல் நகத்தால் உணர முடிகிற படி எதுவானாலும் அங்கே கேவிடேஷன் முன்கூட்டியே பிறக்கும். நீண்ட பலகையில் நீர்த்தாள் சுற்றி நாண் திசையில் தேய்த்து, கடைசியில் 400 ஆம் எண் தாளோடு நிறுத்தினால் போதும். கண்ணாடிப் பளபளப்பைவிட வடிவம் சரியாக இருப்பது முக்கியம். ஐந்தாறு இடங்களில் வெட்டுமுக அச்சுத்தகடு வைத்து வெளிச்சம் கசிகிறதா என்று சரிபாருங்கள்.

நான்காவது, ஸ்ட்ரட்டின் பக்கவாட்டுக் கோணம். திருப்பத்தில் படகு 3 டிகிரி சறுக்கினால் ஸ்ட்ரட்டே இறக்கையாகிவிடுகிறது; நீர்மட்டத்துக்கு அருகில் சிக்மா சற்றுக் குறைவு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆழம், வெப்பநிலை, நன்னீர் இவை முக்கியமா?

கொஞ்சம். 50 நாட்டில் ஆழத்தை அரை மீட்டரிலிருந்து ஒரு மீட்டராக்கினால் சிக்மா 0.307 இலிருந்து 0.322 ஆகும். நீர் 20 இலிருந்து 30 டிகிரிக்குச் சூடானால் 0.301 ஆகக் குறையும். நன்னீரில் அடர்த்தி குறைவு என்பதால் சிக்மா சற்று உயரும், ஆனால் தூக்குவிசையும் அதே விகிதத்தில் குறையும். உயரமான மலை ஏரிகளில் மட்டும் வளிமண்டல அழுத்தமே குறைவதால் கணக்கைப் புதிதாகப் போட வேண்டும்.

அரிப்பு எவ்வளவு வேகமாக நடக்கும், எந்தப் பொருள் தாங்கும்?

குமிழி பரப்புக்கு அருகில் நொறுங்கும்போது சமச்சீராக நொறுங்குவதில்லை. பரப்பை நோக்கி ஊசி போன்ற நீர்த்தாரை பாய்கிறது, அதன் வேகம் வினாடிக்கு 100 மீட்டரைத் தாண்டும். குமிழி நொறுங்கும்போது எழும் பேரழுத்தத்தை ரேலி பிரபு 1917 இலேயே கணக்கிட்டுக் காட்டினார். அரிப்பின் வேகம் ஓட்ட வேகத்தின் ஆறாவது அடுக்கை ஒட்டி ஏறும் என்பது நடைமுறை மதிப்பீடு. அதாவது 10 சதவீதம் வேகம் கூடினால் அரிப்பு ஏறத்தாழ 1.8 மடங்கு.

சேதம் தகடு இருக்கும் இடத்தில் தெரியாது, தகடு முடியும் இடத்துக்குச் சற்றுப் பின்னால் தெரியும். முதலில் மங்கிய திட்டு, பிறகு ஆரஞ்சுத் தோல் போன்ற சொரசொரப்பு, பிறகு பஞ்சு போன்ற பள்ளங்கள். பள்ளம் தோன்றியபின் அதுவே புதிய குமிழிகளைப் பிறப்பிக்கும்.

அலுமினியம் தாங்காது. நிக்கல்-அலுமினிய வெண்கலம், 17-4 பிஎச் எஃகு, டைட்டானியம் கலவை 6-4 ஆகியவை நன்றாகத் தாங்கும். முன்விளிம்பில் மட்டும் ஸ்டெல்லைட் என்ற கடினமான கோபால்ட் கலவையைப் படிய வைப்பதும் உண்டு. கார்பன் ஃபைபரில் ரெசின் முதலில் போகும், பிறகு இழைகள் பிரிந்து நிற்கும். உலோக முன்விளிம்பு பதிப்பது சிறந்த பாதுகாப்பு. ரப்பர் போன்ற பாலியூரிதேன் பூச்சுகள் சிறு அடிகளை விழுங்கும், ஆனால் ஒட்டுதல் விட்டால் தகடாகப் பிய்ந்து அதுவே பெரிய படியாகிவிடும். பொருள்களை ஒப்பிட ஏஎஸ்டிஎம் ஜி32 சோதனை இருக்கிறது: 20 கிலோஹெர்ட்ஸில் அதிரும் கொம்பின் முனையில் மாதிரியைப் பொருத்தி, நீரில் அமிழ்த்தி எடை இழப்பை அளக்கிறார்கள்.

பள்ளத்தை எப்பாக்சிப் பசையால் நிரப்பி மெழுகிவிட்டால் அடுத்த சில மணி நேர ஓட்டத்தில் அது பெயர்ந்து வரும். உலோகத்தில் பள்ளத்தின் அடிவரை அரைத்து, அதே கலவையால் பற்றவைத்து, வடிவத்துக்குத் தேய்ப்பதே சரி. அதைவிட முக்கியம், அந்த இடத்தில் அரிப்பு ஏன் வந்தது என்று முன்னோக்கித் தேடிப் பார்ப்பது.

60 நாட்டைத் தாண்டியவர்கள் எப்படித் தாண்டினார்கள்?

கேவிடேஷனைத் தவிர்ப்பதை விட்டுவிட்டு, அதை ஏற்றுக்கொண்டு வடிவமைத்தவர்கள் உண்டு. 1950களில் மார்ஷல் டுலின் சூப்பர்கேவிடேஷனுக்கான வெட்டுமுகங்களுக்குக் கோட்பாடு வகுத்தார்: கத்தி போன்ற கூர்மையான முன்விளிம்பு, குழிந்த கீழ்ப்பரப்பு, மொட்டையான பின்பக்கம். தூக்குவது கீழ்ப்பரப்பு மட்டுமே. மேற்பரப்பு முழுக்கப் பைக்குள் இருக்கும். குமிழிகள் இறக்கைக்கு வெகு பின்னால் நொறுங்குவதால் அரிப்பு இல்லை. விலை இழுவிசை. அதே தூக்குவிசைக்கு நனைந்த இறக்கையைவிடப் பலமடங்கு இழுவிசை கொடுக்க வேண்டும். குறைந்த வேகத்தில் எழும்போது இது இன்னும் உறுத்தும்.

இன்னொரு வழி, பின்பக்கத்தில் மட்டும் வேண்டுமென்றே காற்றை விடுவது. ஆப்பு போன்ற வெட்டுமுகத்தில் தடிமன் பின்விளிம்பில்தான் உச்சம். நடுவில் புடைப்பு இல்லாததால் தடிமனுக்குச் செலவாகும் உறிஞ்சல் மிகக் குறைவு. மொட்டைப் பின்பக்கத்தை நீர்மட்டத்திலிருந்து இறங்கும் காற்று நிரப்புகிறது. பால் லார்சன் ஓட்டிய வெஸ்டாஸ் செயில்ராக்கெட் 2 என்ற பாய்மரப் படகு இந்த வகை இறக்கைக்கு மாறியபின், 2012 நவம்பர் 24 அன்று நமீபியாவின் வால்விஸ் பே கடலில் 500 மீட்டருக்குச் சராசரி 65.45 நாட் ஓடியது. ஒப்பிட, 2009இல் மற்றொரு பாய்மர ஹைட்ரோஃபாயிலான லிட்ரோப்டேர் அதே தூரத்துக்கு 51.36 நாட் எட்டியது. இயந்திரப் படகுகளில், கனடா கடற்படையின் பிரா டோர் 1969இல் 63 நாட் தொட்டது.

25 முதல் 45 நாட்டுக்குள் ஓடும் படகுக்கு இந்த வடிவங்களை எடுக்க வேண்டாம். நனைந்த இறக்கை அங்கே எல்லா வகையிலும் மேல்.

சுரங்கச் சோதனையும் கணினிக் கணக்கும் எவ்வளவு நம்பகமானவை?

பிரிட்டிஷ் பொறியாளர் சார்லஸ் பார்சன்ஸ் 1895இல் சிறிய மூடிய நீர்ச்சுரங்கம் செய்து, உள்ளே அழுத்தத்தைக் குறைத்துப் புரொப்பெல்லர் கேவிடேஷனைப் பார்த்தார். இன்றும் முறை அதுதான்: வேகத்தை நிலையாக வைத்து அழுத்தத்தை இறக்கி சிக்மாவை மாற்றுவது. தொடக்கப் புள்ளி ஒவ்வொரு முறையும் சிதறும். நீரில் கரைந்த காற்றும் நுண்குமிழிகளும் அதைத் தீர்மானிக்கின்றன. அழுத்தத்தை மெல்ல ஏற்றிக் கேவிடேஷன் மறையும் புள்ளியைக் குறித்துக்கொண்டால் முடிவுகள் நன்றாக ஒத்துவரும். அறிக்கையில் கரைந்த காற்றின் அளவு குறிக்கப்படாவிட்டால் அந்த எண்ணை வேறொரு சுரங்கத்தின் எண்ணோடு ஒப்பிட வேண்டாம்.

கணினியில், தொடங்குமா தொடங்காதா என்பதற்கு எளிய அழுத்தக் கணக்கே போதும். தகட்டின் நீளத்தையும் சராசரி தூக்குவிசையையும் ஷ்னெர்-சவர் போன்ற ஆவி மாதிரிகள் ஓரளவு சரியாகத் தரும். மேகம் பிய்வதை வழக்கமான கொந்தளிப்பு மாதிரிகள் பிசுபிசுப்பை மிகையாகக் கணித்து அமுக்கிவிடும். திருத்தம் சேர்க்காமல் "அதிர்வு இல்லை" என்று வரும் விடையை நம்பி இறக்கையை அச்சேற்ற வேண்டாம்.

ஓட்டத்தின் நடுவே கேவிடேஷன் வந்தால் என்ன செய்வது?

சரளை ஒலி மட்டும் என்றால் வேகத்தை 2 அல்லது 3 நாட் குறைத்து, ஒலி நிற்கும் வேகத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். படபடப்பு என்றால் உடனே 5 நாட் குறைக்க வேண்டும், ஆனால் மெதுவாக. திடீரென்று விசையைக் கைவிட்டால் கட்டுப்பாடு உயரத்தைப் பிடிக்க ஃபிளாப்பை இறக்கும், கோணம் ஏறும், தகடு இன்னும் நீளும். திருப்பத்தில் வந்தால் முதலில் திருப்பத்தை விரியுங்கள், பிறகு வேகத்தைக் குறையுங்கள். அலையில் ஓடும்போது வந்தால் நீர்மட்டத்துக்கும் இறக்கைக்கும் உள்ள இடைவெளியைக் கூட்டுங்கள்: ஓட்ட உயரத்தை 20 சென்டிமீட்டர் இறக்கினாலே அலையின் ஆட்டம் சற்றுக் குறையும், காற்று புகும் ஆபத்தும் குறையும்.

கரைக்கு வந்ததும் இறக்கையை நன்னீரில் கழுவி, உலர்ந்தபின் சாய்ந்த வெளிச்சத்தில் மேல், கீழ் இரு பரப்புகளையும் பாருங்கள். மங்கிய திட்டு தெரிந்தால் முன்விளிம்பிலிருந்து அதன் தூரத்தையும், நுனியிலிருந்து அதன் தூரத்தையும் அளந்து, அன்றைய வேகம், எடை, அலை உயரத்தோடு எழுதி வையுங்கள். அந்தத் திட்டுக்கு நேர் முன்னால், முன்விளிம்பில், விரலால் தடவிப் பாருங்கள். பெரும்பாலும் காரணம் அங்கே கையில் தட்டுப்படும்.